தலையில் தண்ணீர் கொட்டும் பொத்தான் ஆட்டம்: எந்தப் பாகம் காசுக்குத் தகும், எது மொட்டைமாடியில் காலை வாரும்

நான்கு நாற்காலி, நான்கு பொத்தான், ஒவ்வொரு தலைக்கும் மேலே 2 லிட்டர் தண்ணீர். விளக்கு எரிந்ததும் பொத்தானை அடிக்க வேண்டும். கடைசியாக அடித்தவர் தலையில் தண்ணீர் கொட்டும். பொறுமையில்லாமல் விளக்கு எரிவதற்கு முன்பே அடித்தவருக்கும் அதே கதிதான். உறியடியிலும் வழுக்குமரத்திலும் ஆடுகிறவர் மேல் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது நமக்குப் பழக்கமான குதூகலம். இங்கே அந்த வேலையை ஆர்டுயினோ என்ற, நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை பாரபட்சமில்லாமல் செய்கிறது.

ஆட்டத்தின் மின்னணுப் பகுதி எளிது. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒரே மாலையில் முடித்துவிடுவார். ஆட்டம் வெற்றியா தோல்வியா என்பது தண்ணீரைத் திறந்துவிடும் பாகத்தைப் பொறுத்தது. பெரும்பாலானவர்கள் தவறான பாகத்தை வாங்குவதும் அங்கேதான். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதற்கே. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: எல்லோரும் வாங்கும் 12 வோல்ட் பிளாஸ்டிக் சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. கார் கதவுக்குள் பூட்டைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டாரான சென்ட்ரல் லாக்கிங் ஆக்சுவேட்டர்தான் சரியான சாமான்.

பிளாஸ்டிக் சொலினாய்டு வால்வு: நல்ல வால்வு, தவறான இடம்

இணையக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் '12 வோல்ட் வாட்டர் வால்வு' என்று கேட்டால் கையில் கொடுப்பது வெள்ளை பிளாஸ்டிக் உடலும் இருபக்கமும் அரை அங்குல மரையும் உள்ள வால்வு. சில நூறு ரூபாய்தான். கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும், கொடுத்தால் திறக்கும். கேட்பதற்கு நமக்காகவே செய்ததுபோல இருக்கும்.

இதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு தண்ணீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காயிலுக்கு (வால்வின் மின்காந்தச் சுருளுக்கு) அந்தச் சவ்வைத் தூக்கும் பலம் கிடையாது. அது திறப்பதெல்லாம் சவ்வின் நடுவில் உள்ள ஊசித் துளையைத்தான். அந்தத் துளை வழியே மேல்பக்க அழுத்தம் வடிந்ததும், குழாயில் இருக்கும் தண்ணீரின் அழுத்தமே சவ்வைத் தூக்குகிறது. ஆக, குழாயில் அழுத்தம் இருந்தால்தான் வால்வு வேலை செய்யும். இந்த வகை வால்வுகளின் விவரத்தாளில் இயங்கும் அழுத்தம் 0.02 முதல் 0.8 மெகாபாஸ்கல் என்று இருக்கும். 0.02 மெகாபாஸ்கல் என்றால் 2 மீட்டர் உயரத் தண்ணீர். தலைக்கு மேல் தொங்கும் வாளியில் இருப்பதோ 15 செ.மீ. தண்ணீர், குழாயையும் சேர்த்தால் அரை மீட்டர். பொத்தானை அடித்தால் 'டிக்' என்று சத்தம் கேட்கும், நாலு சொட்டு விழும், அவ்வளவுதான். வால்வு பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள். வால்வின் மேல் குற்றமே இல்லை.

தரைத்தளத்தில் ஆட்டம் வைத்து, மேல்தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இழுத்தால் இதே வால்வு திறக்கும். ஆனால் ஒரு மாடி வீட்டுத் தொட்டியின் அழுத்தத்தில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வந்தாலே அதிகம். 2 லிட்டர் இறங்க 12 நொடி. அது குளிப்பாட்டுவது, கொட்டுவது ஆகாது. நனைபவர் முதல் நொடியிலேயே எழுந்து ஓடிவிடுவார்.

அப்படி வைப்பதென்றாலும் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டுகிறது. மாற்றிப் பொருத்தினால் மூடவே மூடாது. மரை பிளாஸ்டிக் என்பதால் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று போதும். பைப் ரெஞ்சு போட்டால் கழுத்து விரிசல் விடும். மூன்றாவது, நம் போர்வெல் தண்ணீர். அதில் வரும் பொடிமணலும் துருத்தூளும் ஊசித் துளையில் உட்கார்ந்தால், கரண்டை நிறுத்திய பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வால்வுக்கு முன்னால் ஒரு வலை வடிகட்டி கட்டாயம்.

நேரடியாகத் திறக்கும் பித்தளை வால்வு என்று இன்னொரு வகை உண்டு. அதில் காயிலே அடைப்பானைத் தூக்கும், அழுத்தம் தேவையில்லை. கடையில் கேட்கும்போது 'ஜீரோ பிரஷர்' என்று சொல்லிக் கேளுங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு, கரண்டும் அதிகம் இழுக்கும். இதிலும் துளையின் கணக்கு நம்மைத் தோற்கடிக்கிறது. 10 மி.மீ. துளை வழியே 1 மீட்டர் உயரத் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர்தான் வடியும். அப்போதும் 2 லிட்டருக்குப் பத்து நொடி. உள்ளே இருக்கும் பந்தை மோட்டார் திருப்பித் திறக்கும், திறந்து மூட நான்கைந்து நொடி எடுக்கும் 'பால் வால்வை'ப் பற்றிப் பேசவே வேண்டாம். அது உறுமும் சத்தமே முன்கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் கிடக்கும் ஆர்.ஓ. மெஷின் பாகங்களைப் போடலாமா என்று பலர் யோசிப்பார்கள். 75 கேலன் பம்ப் என்பதில் அந்த 75 கேலன் ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு, அதாவது 284 லிட்டர். திறந்த குழாயில் அதைவிட வேகமாகத் தள்ளினாலும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கால் அங்குலக் குழாயில் யாரையும் நனைக்க முடியாது.

வாஷிங் மெஷினில் தண்ணீர் உள்ளே வரும் வால்வைப் பழைய சாமான் கடையில் மலிவாகத் தருவார்கள். அதன் காயில் 230 வோல்ட். ஈரத் தரை, வெறுங்கால், நனைந்த கை உள்ள இடத்துக்கு வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோகவே கூடாது. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாளியைக் கவிழ்ப்பதே வழி

2 லிட்டரும் ஒரே நொடியில் விழ வேண்டுமென்றால் வாளிதான் கவிழ வேண்டும். மோட்டாரால் வாளியைத் திருப்ப நினைப்பது வீண்செலவு. தண்ணீரின் எடையே வாளியைக் கவிழ்க்கும்படி அச்சை வைத்துவிட்டால், மின்சாரம் செய்ய வேண்டியது ஓர் ஊசியை உருவுவது மட்டுமே.

அச்சு எங்கே வர வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. 18 செ.மீ. உயரமுள்ள 3 லிட்டர் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொள்வோம். வாளியின் எடை 150 கிராம். 2 லிட்டர் ஊற்றினால் தண்ணீர் 14 செ.மீ. நிற்கும், அதன் எடை மையம் அடியிலிருந்து 7 செ.மீ. வெறும் வாளியின் எடை மையமோ 8 செ.மீ. நிறைந்தபோது எடை மையம் அச்சுக்கு மேலே இருந்தால்தான் வாளி கவிழும். காலியானபோது கீழே இருந்தால்தான் தானாக நிமிரும். ஆனால் இங்கே காலி வாளியின் மையம் நிறைந்த வாளியின் மையத்தைவிட உயரத்தில் இருக்கிறது. இப்படியே விட்டால் கவிழ்ந்த வாளி கவிழ்ந்தபடியே கிடக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் ஏணியில் ஏறி நிமிர்த்த வேண்டும்.

வாளியின் அடிப்பக்கம் வெளியே 150 கிராம் இரும்பு நட்டுகளை எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். காலி வாளியின் மையம் 4 செ.மீ.க்கு இறங்கிவிடும், நிறைந்த வாளியின் மையம் ஏறக்குறைய 6.6 செ.மீ. இரண்டுக்கும் நடுவே, 5.5 செ.மீ. உயரத்தில் அச்சு போட்டால் இரண்டு வேலையும் நடக்கும். உங்கள் வாளியின் அளவு வேறாக இருந்தால் காலி வாளியை ஒரு விரல் மேல் படுக்கவைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து இதே கணக்கைப் போடலாம்.

அச்சை வாளியின் நடுக்கோட்டில் வைக்காமல் 3 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். அப்போது வாளி எப்போதும் முன்பக்கமாகவே சாயும். அச்சுக்கு இருபக்கமும் 6 மி.மீ. போல்ட் போதும். துளை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருவதால் உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்து இறுக்கி, வெளியே எம்-சீல் பூச வேண்டும். இதைச் சோம்பலாகச் செய்தால் ஆட்டம் முழுக்கத் தலையில் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைவிட, எடை குறைந்து வாளி கவிழாமலும் போகும்.

வாளியின் பின்விளிம்பில் 3 செ.மீ. நீளத்துக்கு ஓர் அலுமினியத் தகட்டை நாக்குபோல நீட்டிவிடுங்கள். அதன் மேல் ஊசி குறுக்கே நிற்கும். நாக்கு மேலே எழ முடியாமல் வாளி நேராக நிற்கும். நாக்குக்குக் கீழேயும் ஒரு போல்ட்டைத் தாங்கலாக வைத்தால், காற்றில் ஆடினாலும் பின்பக்கம் சாயாது. ஊசியின் மேல் வரும் விசை 100 கிராமுக்கும் குறைவுதான். இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான். 2 கிலோ தண்ணீரை ஒரு சுண்டுவிரல் பலத்தால் பிடித்து வைத்திருக்கிறோம்.

சர்வோவா, ஆக்சுவேட்டரா

இவ்வளவு குறைந்த விசைக்கு நீலநிற எஸ்ஜி90 சர்வோவே (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டாரே) போதும் என்று தோன்றும். இரண்டு காரணத்தால் வேண்டாம். கரண்ட் கொடுத்த நொடியில் சர்வோ ஒருமுறை துள்ளும். நிறைத்து வைத்த நான்கு வாளிகளில் ஒன்றாவது அப்போதே கொட்டும். அதோடு, அதன் உடல் ஈரத்துக்காகச் செய்ததல்ல. உலோகப் பற்சக்கரம் உள்ள எம்ஜி996 வாங்கினாலும் இந்த இரண்டு குறையும் அப்படியே இருக்கின்றன.

கார் சென்ட்ரல் லாக்கிங் ஆக்சுவேட்டர் கதவுக்குள்ளே வாழும் பொருள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீருக்கும் வெயில் சூட்டுக்கும் பழகியது. 12 வோல்ட், தண்டு ஏறக்குறைய 2 செ.மீ. ஓடும், நமக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பலம். நான்கு கதவுக்கான செட்டாகவே விற்பதால் நான்கு நாற்காலிக்குக் கணக்கும் சரியாக வருகிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். செட்டில் வரும் இரும்புக் கம்பியும் கவ்வியுமே நமக்கு ஊசியாகிவிடும், தனியாக எதுவும் தேட வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஓட்டுநர் கதவுக்கான ஆக்சுவேட்டரில் ஐந்து வயர் இருக்கும், மற்றவற்றில் இரண்டு. ஐந்து வயர் உள்ளதில் நமக்கு மோட்டார் வயர்கள் இரண்டு மட்டும் போதும். வழக்கமாக அவை நீலமும் பச்சையும். பேட்டரியில் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மற்ற மூன்றையும் டேப் சுற்றி விட்டுவிடலாம்.

தண்டு 2 செ.மீ. ஓடும் என்பதால் ஊசி நாக்கின் மேல் 1 செ.மீ.க்கு மேல் நுழையக் கூடாது. பாதுகாப்புக்கென்று ஆழமாக நுழைத்தவர்களுக்கு ஊசி பாதியில் நின்று, வாளி ஆடிக்கொண்டே இருக்கும். கம்பியின் முனையை அரத்தால் உருட்டிவிட்டு ஒரு துளி கிரீஸ் வையுங்கள்.

இதன் ஒரே குறை, இரண்டு வயர் வகையில் எல்லை சுவிட்ச் இல்லை. தண்டு ஓடி முடிந்த பிறகும் கரண்ட் இருந்தால் மோட்டார் சிக்கி நின்றபடியே சில ஆம்பியர் இழுத்துச் சூடாகும். 400 மில்லிநொடி மட்டும் கரண்ட் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். ஊசியைத் திரும்ப உள்ளே தள்ளுவதைக் கையால் செய்யலாம். தண்ணீர் நிரப்ப எப்படியும் ஒருவர் போகத்தான் வேண்டும். அதற்காக இன்னொரு நான்கு ரிலே (பலகையின் சின்ன சிக்னலால் மோட்டாருக்கான கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வாங்குவது தேவையில்லாத செலவு. ஆக்சுவேட்டருக்கு மதிப்பெண் 5க்கு 4.5.

சின்னக் குழந்தைகளுக்கு 2 லிட்டர் அதிகம். அவர்களுக்கு வாளியைக் கழற்றிவிட்டு, கார் முன்கண்ணாடியைக் கழுவும் 12 வோல்ட் பம்பைப் போட்டுக்கொள்ளலாம். முகத்தில் மெல்லிய பீச்சலாக அடிக்கும். அந்தப் பம்ப் தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழேதான் பொருத்த வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஓடவும் கூடாது.

பலகை, ரிலே, பேட்டரி

ஆர்டுயினோ நானோவின் நகல் பலகை போதும். நிரல் ஏறவில்லை என்றால் பலகையைத் தூக்கி எறியாதீர்கள். மென்பொருளில் பிராசசர் தேர்வை 'பழைய பூட்லோடர்' என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். ஈஎஸ்பி32 வேகமானது, வைஃபையும் உண்டு. ஆனால் அது 3.3 வோல்ட் பலகை. 5 வோல்ட் ரிலே மாட்யூலை முழுதாக அணைக்க அந்த 3.3 சில நேரம் போதாது. அதன் சில பின்கள் பலகை எழும்போதே துடிக்கும். தலைக்கு மேல் தண்ணீர் இருக்கும் ஆட்டத்துக்கு அந்தத் துடிப்பு ஆகாது.

ரிலே மாட்யூலில் நான்கு ரிலே உள்ள 5 வோல்ட் வகை நல்லது. ரிலேவுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் (சத்தமில்லாத மின்னணு சுவிட்ச்) போட விரும்புகிறவர்கள் கடைக்காரர் எடுத்துத் தரும் ஐஆர்எஃப்540ஐத் தவிர்க்கவும். அது முழுதாகத் திறக்க, 'கேட்' எனப்படும் அதன் கட்டுப்பாட்டு முனையில் 10 வோல்ட் வேண்டும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் பாதி திறந்து சூடாகும். ஐஆர்எல்இசட்44 சரியானது. இருந்தாலும் ரிலேவையே பரிந்துரைக்கிறோம், அதன் 'டக்' சத்தம் ஆட்டத்துக்குப் பதற்றம் கூட்டுகிறது.

இந்த மாட்யூல்களில் ஒரு பொறி இருக்கிறது. பின்னில் 0 வோல்ட் வந்தால்தான் ரிலே இழுக்கும். ஆர்டுயினோவில் பின்னை 'அவுட்புட்' என்று அறிவித்த கணமே அது 0 வோல்ட்டுக்குப் போகும். நிரலில் வழக்கமான வரிசைப்படி முதலில் 'பின்மோட்', பிறகு 'டிஜிட்டல்ரைட்' என்று எழுதினால், பலகை உயிர்பெறும்போதெல்லாம் நான்கு ரிலேயும் ஒரு கணம் தொட்டு விடும் அபாயம் உண்டு. வரிசையை மாற்றுங்கள்: முதலில் 'ஹை' எழுதிவிட்டு, பிறகு 'அவுட்புட்' என்று அறிவியுங்கள். இதோடு நிற்காமல், ஆக்சுவேட்டருக்குப் போகும் பாசிட்டிவ் வயரில் ஒரு கைச்சுவிட்சும் இருக்கட்டும். வாளி நிரப்பும் வரை அது அணைந்தே இருக்க வேண்டும். நிரப்புகிறவர் இறங்கி வந்த பிறகுதான் போட வேண்டும்.

ரிலே ஒன்று இழுக்க ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் கேட்கும். பொய்த்தொடக்கத்தில் நான்கும் சேர்ந்து இழுத்தால் 280. நானோவுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்து, அதன் 5 வோல்ட் பின்னிலிருந்து ரிலேவுக்கு எடுத்தால் பலகையில் இருக்கும் சின்ன ரெகுலேட்டர் 2 வாட் சூட்டைத் தாங்க வேண்டிவரும், தாங்காது. வோல்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வர்ட்டர் ஒன்று வாங்கி, எதையும் இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பார்த்து அதன் திருகை 5 வோல்ட்டுக்குத் திருப்பி வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே இணைத்தால் 12 வோல்ட்டும் அப்படியே பலகைக்குப் போகக்கூடும்.

மின்சாரத்துக்கு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி. 2 ஆம்பியர் அடாப்டரில் ஆக்சுவேட்டர் இழுக்கும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து, பலகை ரீசெட் ஆகி, ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். 'தோற்றவர் நனைவது மட்டுமல்ல, கூடவே விளக்கும் அணைகிறது' என்ற குழப்பத்துக்குக் காரணம் எப்போதும் இதுதான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ். ஒவ்வொரு ஆக்சுவேட்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளிக்கோடு பாசிட்டிவ் பக்கம். பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். ஆடும் இடத்துக்குச் சார்ஜர் வேண்டாம். சராசரி 0.3 ஆம்பியர் போனாலும் பாதி சார்ஜிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

பொத்தானும் வயரும்

தொடுபொத்தான் வாங்காதீர்கள். டிடிபி223 போன்ற தொடு உணரிகள் அழகாக இருக்கும், மலிவும்கூட. ஆனால் அவற்றுக்கு விரலும் ஒன்றுதான், வழிந்தோடும் தண்ணீரும் ஒன்றுதான். முதல் ஆள் நனைந்ததும் ஆட்டம் தானே ஆட ஆரம்பித்துவிடும்.

விளையாட்டுக் கூடங்களில் இருக்கும் 60 மி.மீ. அல்லது 100 மி.மீ. ஆர்கேட் பொத்தானே சரி. உள்ளே தனி மைக்ரோசுவிட்ச் இருக்கிறது, உள்ளங்கையால் ஓங்கி அடித்தாலும் தாங்கும், பழுதானால் சுவிட்சை மட்டும் மாற்றலாம். அதை வெளிப்புற மின்வேலைக்கான பிவிசி ஜங்ஷன் பாக்ஸில் பொருத்தி, வயரைப் பக்கவாட்டில் அல்லாமல் அடியிலிருந்து நுழையுங்கள். பெட்டிக்கு அடியில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். தண்ணீரை உள்ளே விடாமல் முழுதாகத் தடுக்க முடியாது. வந்தது வெளியேற வழி இருந்தால் போதும்.

பொத்தானுக்கு லேன் கேபிள் அருமையாகப் பொருந்தும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு முறுக்கிய ஜோடி: ஒன்று சிக்னல், ஒன்று கிரவுண்டு. பொத்தான் அழுத்தாதபோது வயரை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் மின்தடைக்குப் புல்-அப் என்று பெயர். ஆர்டுயினோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம். நாலைந்து மீட்டர் வயருக்கு அது பலவீனம். பக்கத்து ஆக்சுவேட்டர் இழுக்கும்போது வயரில் எழும் துடிப்பைப் பொத்தான் அடித்ததாக எண்ணிவிடும். வெளியே 1 கிலோஓம் புல்-அப்பும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் அடங்கிவிடும்.

ஆனால் ஆக்சுவேட்டருக்கு அதே லேன் கேபிள் வேண்டாம். 5 மீட்டர் தூரத்துக்குப் போய்வர அதன் மின்தடை ஏறக்குறைய 0.8 ஓம், 4 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலையும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. வயரில் இழப்பு 1 வோல்ட்டைத் தாண்டாது.

நிரலில் மூன்று கண்ணிகள்

விளக்கு எரிவதற்கு முன் 2 முதல் 6 நொடி காத்திருப்பு, அதுவும் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். 'ரேண்டம்' கட்டளையை அப்படியே போட்டால் பலகையை அணைத்துப் போடும்போதெல்லாம் அதே வரிசைதான் வரும். மூன்றாவது சுற்றில் நீளமான காத்திருப்பு வரும் என்று விவரமான பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆட்டத் தலைவர் தொடக்கப் பொத்தானை அழுத்தும் கணத்தின் 'மைக்ரோஸ்' மதிப்பை (பலகை எழுந்ததிலிருந்து ஓடிய மைக்ரோநொடிகளை), வரிசையின் தொடக்கத்தை மாற்றும் 'ரேண்டம்சீடு'க்குக் கொடுங்கள். மனிதக் கையின் நேரம் மைக்ரோநொடி அளவில் ஒருபோதும் ஒத்துப்போகாது.

காத்திருப்புக்குப் பலகையை அப்படியே நிறுத்திவைக்கும் 'டிலே' கட்டளையைப் பயன்படுத்தினால் அந்த நேரத்தில் யார் பொய்யாக அடித்தாலும் பலகைக்குத் தெரியாது. 'மில்லிஸ்' (ஓடிய மில்லிநொடிகள்) பார்த்துச் சுழலும் சுற்றாக எழுத வேண்டும்.

நியாயம் மூன்றாவது. மனிதர் எதிர்வினைக்கு 0.2 நொடியை ஒட்டி எடுக்கும், இருவருக்கிடையே சில மில்லிநொடி வித்தியாசமே இருக்கலாம். நான்கு பொத்தான்களையும் 2 முதல் 5 வரையுள்ள பின்களில் வைத்தால் அந்தப் பின்களின் நிலையை ஒன்றாக வைத்திருக்கும் 'பின்டி' ரெஜிஸ்டரை ஒரே வரியில் படித்து நால்வரையும் ஒரே கணத்தில் பார்க்கலாம். அடித்த நேரத்தை ஒவ்வொருவருக்கும் தனியே பதிந்து, 3 மில்லிநொடி தொடர்ந்து அழுத்தியிருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். 3 நொடிக்குள் அடிக்காதவர் அனைவரும் தோற்றவர்கள். இருவர் அப்படி உறைந்து உட்கார்ந்திருந்தால் இருவர் தலையிலும் கொட்டட்டும். நேரங்களைச் சின்ன எல்சிடி திரையில் காட்டினால் 'நான்தான் முதலில் அடித்தேன்' என்ற சண்டை வராது. அந்தத் திரைக்குச் செய்யும் செலவு முழுக்க நியாயமானது.

சட்டமும் தண்ணீரும்

நான்கு நிறைந்த வாளிகள் சேர்ந்து 9 கிலோவுக்கு மேல். 3 மீட்டர் அகலத்துக்கு யுபிவிசி குழாய் நடுவில் தொய்ந்துவிடும், தொய்ந்தால் ஊசி சிக்கும். பந்தல் போடுகிறவரிடம் சவுக்குக் கம்பு வாடகைக்கு எடுத்துக் கட்டுவது மலிவு, உறுதியும்கூட. இருபக்கக் காலிலும் மணல் மூட்டை வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் தலை ஏறக்குறைய 130 செ.மீ. உயரத்தில் இருக்கும், வாளியின் அடி 180 செ.மீ.யில் வந்தால் அரை மீட்டர் இடைவெளி. அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. 2 கிலோ தண்ணீர் ஒரே கட்டியாகக் கழுத்தில் விழுவது விளையாட்டல்ல. வாளிக்கு 15 செ.மீ. கீழே ஒரு காய்கறி வடிகூடையைக் கட்டிவிட்டால் தண்ணீர் சிதறி விரிந்து விழும், நனைவதும் முழுமையாக இருக்கும். அந்தக் கூடை பத்துப் பொருளுக்குச் சமம், தவறவிடாதீர்கள்.

மொட்டைமாடியில் வெயிலுக்காகப் பதித்த வெள்ளை ஓடு நனைந்தால் வழுக்கும். நாற்காலிக்குக் கீழும் முன்னாலும் துளையுள்ள ரப்பர் பாய் விரியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. காது கேட்கும் கருவி அணிந்திருப்பவர் கழற்றிவிட்டு உட்காரட்டும். கீழே தொட்டியில் பிடித்த தண்ணீரை மீண்டும் வாளிக்கு ஏற்றாதீர்கள், கண்ணிலும் வாயிலும் போகும்; செடிக்கு ஊற்றலாம். மஞ்சள் தண்ணீர் கலப்பதானால் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மண்டி வடிகூடையின் துளைகளை அடைத்துவிடும்.

மே மாத மதியம் மேல்தொட்டிக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது சுடுதண்ணீர். வெயிலில் காய்ந்த குழாயில் நிற்கும் அந்தத் தண்ணீரை நேராக வாளிக்குப் பிடித்துக் கொட்டினால் குழந்தை அலறிவிடும். காலையிலேயே ஒரு டிரம்மில் பிடித்து நிழலில் மூடி வையுங்கள். 30 சுற்றுக்கு 60 லிட்டர் போதும். ஆட்டம் முடிந்ததும் ஆக்சுவேட்டர்களைத் தண்டு கீழே பார்க்கும்படி ஒரு நாள் தொங்கவிட்டு, ஊசிகளைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். பேட்டரியை அன்றிரவே சார்ஜ் போட்டுவிட வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் அடுத்த கோடை வரை பரணில் போட்டால் திரும்ப எழாது.